செல்லோவுக்கு ஒரே ஓர் இடம்

ஆகஸ்ட் 9
கடையில், மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பண்டிதர் எப்படி இருக்கிறார்? உன் மகனை இன்னும் அந்தப் பெயரில்தான் இங்கே பேசிக்கொள்கிறோம். நாங்கள் மூவரும் சுகம். நீராவி இஸ்திரிப் பெட்டி என் முழங்கையை ஒருமுறை முத்தமிட்டது, அவ்வளவுதான். போனில் பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் என் மகள் கட்டெறும்பைப் பற்றி. உன் வீட்டில் பண்டிதர் செல்லோ வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, 'எனக்கும் அது வேணும்' என்று அழுதாளே, அதே கதைதான். பள்ளிக்கூடத்தில் சும்மா கிடந்த ஒரு செல்லோவை அவள் கையில் கொடுத்தார்கள். மூன்று வருடமாகிறது. வீட்டில் வாசிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அதனால் நம் சலவைக் கடையின் பின்பக்கம், தொங்குகிற கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாசிக்கிறாள். 'வயலின் ஏன் இவ்ளோ பெருசா வளர்ந்துடுச்சு?' என்று துணி வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

போன வாரம் சங்கீத டீச்சர் என்னைக் கூப்பிட்டு, 'இவளை இங்க வெச்சிருந்தா பாவம். விடுதியோட இருக்கிற நல்ல சங்கீதப் பள்ளியில சேருங்க' என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருடக் கடைசியில் இவள் இந்தப் பள்ளியை முடிக்கிறாள், செல்லோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். எந்தப் பள்ளி, எப்படிக் கேட்பார்கள், இவளுக்கு இடம் கிடைக்குமா? மறைக்காமல் சொல்.

உன் தங்கை


ஆகஸ்ட் 30

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கைக்கு மருந்து போட்டாயா? எனக்கு முதுகுவலி போகவில்லை. எக்ஸ்ரே அறையில் நாள் முழுவதும் 'மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதையே சொல்கிறேன் என்று உன் அத்தான் கேலி செய்கிறார்.

எறும்பு இன்னும் விடாமல் வாசிக்கிறாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஒரு மாதத்தில் அலுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். சின்ன வயதில் நான் எது செய்தாலும் பின்னாலேயே வந்து நீயும் செய்வாய். உன் மகளும் அப்படியே இருக்கிறாள்.

மறைக்காமல் சொல் என்றாய். சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நல்ல பள்ளி என்றால் ஆற்றங்கரைப் பள்ளிதான். அங்கே வரிசையாகச் சங்கீதத் தேர்வு எழுதித் தேறிய சான்றிதழ் கேட்பார்கள். என் மகன் ஆறு வயதிலிருந்து எழுதிக்கொண்டு வருகிறான். உன் மகள் ஒன்றுகூட எழுதவில்லை. மூன்று வருடம் என்பது இந்த வாத்தியத்தில் வில் பிடிக்கப் பழகுகிற காலம். ஊர் டீச்சர்கள் நன்றாக வாசிக்கிற எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் மேதை என்பார்கள். அவர்கள் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலேயே மாலை வகுப்பு ஒன்று இருக்குமே, அதில் சேர்த்துவிடு. குழந்தைக்கு வீணாக ஆசை காட்டாதே. கூடப் பிறந்தவள் இல்லாமல் வேறு யார் இதைச் சொல்வார்கள்?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே முழங்கை ஆறிவிட்டது.

நீ எழுதியதை டீச்சரிடம் காட்டினேன். படித்துவிட்டு, 'ஆத்தங்கரை சரிதான், சான்றிதழ் இல்லாம முடியாது. ஆனா மலைப்பள்ளிய ஏன் உங்க அக்கா சொல்லல? அங்க காதால கேட்டுத்தானே எடுப்பாங்க' என்றார். 'மறந்திருப்பா' என்று சொன்னேன்.

செல்லோவுக்கு வருடத்துக்கு ஒரே ஓர் இடமாம். அவள் வாசிப்பதைப் பதிவு செய்து அனுப்பினோம். அதைக் கேட்டுவிட்டு, பிப்ரவரியில் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள்! கட்டெறும்பு கடை முழுக்கக் குதித்ததில் ஒரு ஹேங்கர் கம்பியே சாய்ந்துவிட்டது.

நேர்முகம் உங்கள் நகரத்தில்தான். உன் வீட்டில் இரண்டு நாள் தங்கிக்கொள்ளட்டுமா? பண்டிதர் எப்படிப் பயிற்சி செய்கிறார் என்று பார்த்தால் அவளுக்கும் உதவும். அவனும் அதே பள்ளிக்கு முயற்சி செய்கிறானா? நீ ஒன்றும் எழுதவில்லையே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தங்கை


நவம்பர் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் புது இயந்திரம் வந்தது, அதைக் கற்றுக்கொள்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. உடம்பு பரவாயில்லை.

மலைப்பள்ளியை நான் மறக்கவில்லை. சொல்லிப் பயனில்லை என்றுதான் விட்டேன். ஒரே இடத்துக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். பதிவைக் கேட்டுக் கூப்பிடுவது பெரிய விஷயமில்லை, நிறையப் பேரைக் கூப்பிடுவார்கள். என் மகனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் ஆற்றங்கரைக்கும் போகிறான், இதற்கும் போகிறான். அவனுடைய மாஸ்டரே 'மலைப்பள்ளி சந்தேகம்தான்' என்கிறார். அப்படியென்றால் நீயே யோசித்துக்கொள்.

போவதென்று முடிவு செய்துவிட்டால் நான் யார் தடுக்க? எறும்பு என்ன வாசிக்கப் போகிறாள்? மெதுவான பாட்டா, வேகமானதா? அந்த டீச்சர் எங்கே படித்தவர்? பார்த்தவுடன் வாசிக்கச் சொல்லி ஒரு புதுத் தாளை நீட்டுவார்கள், அதற்குப் பழக்கியிருக்கிறாரா? சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தங்குவது பற்றி. பிப்ரவரியில் வீட்டுக்கு வண்ணம் பூசுகிறோம். சாமான் எல்லாம் கூடத்தில் கிடக்கும். பெயிண்ட் வாடையில் குழந்தைக்கு இருமல் வந்தால் வம்பு. ரயிலடிப் பக்கம் நல்ல விடுதிகள் இருக்கின்றன.

அக்கா


பிப்ரவரி 21
கடையில்

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேர்முகத்தன்று தாழ்வாரத்தில் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது.

உன்னோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் என்று ஆசையாக வந்தேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய், எறும்பின் கன்னத்தைத் தட்டினாய், எல்லாம் சரிதான். அவளை உள்ளே கூப்பிட்டதும் நான் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். போகும்போது நீ அந்தக் கதவை ஒட்டி நின்றிருந்தாய். திரும்பி வந்தால் ஆள் இல்லை. பண்டிதர் மட்டும் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். அடுத்தது அவன் முறை.

'அம்மா எங்கடா?' என்றேன்.

'கீழ போய்ட்டாங்க சித்தி.'

'நீ உள்ள போற நேரத்துலயா?'

அவன் குனிந்து வில்லின் திருகை முறுக்கினான். கொஞ்ச நேரத்தில் எறும்பு வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. வாசித்தது நன்றாக வந்ததாம். அப்புறம் புதுத் தாளை நீட்டியதும் இரண்டாம் வரியில் தடுமாறி நின்றுவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது உன்னைத்தான்.

'பெரியம்மா எங்கம்மா? கேட்டுட்டு இருந்தாங்கல்ல?'

'ஏதோ வேலையா போயிருப்பாங்க.'

'பிடிக்கல போல' என்றாள். பஸ்ஸில் செல்லோவுக்கு ஜன்னலோர இருக்கையைக் கொடுத்துவிட்டு, ஊர் வரும்வரை அதன் மேல் தலை சாய்த்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் உன்னைத் தேடினோம். உன் வீட்டுக்கு வரலாமா என்று யோசித்தேன். பெயிண்ட் வேலை நடக்குமே என்று வரவில்லை. வண்ணம் நன்றாக வந்திருக்கிறதா? என்ன நிறம்?

தங்கை


மார்ச் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்கு அன்றைக்குத் தலை சுற்றியது. காற்று வாங்கக் கீழே போனேன். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

ஒரு நல்ல செய்தி. என் மகனுக்கு ஆற்றங்கரையிலும் இடம், மலைப்பள்ளியிலும் இடம். இரண்டும் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கே தெரியும். அவன் ஒரு தப்பும் செய்யவில்லையாம், புதுத் தாளைத் தண்ணீர் மாதிரி வாசித்தானாம். அவனுடைய மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து எனக்குக் கை கொடுத்தார். வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லாம் வாழ்த்தினார்கள்.

உன் அத்தான் கேட்கிறார், 'ஏன் நீ சந்தோஷமாவே இல்ல?' என்று. முதுகுவலிதான், வேறென்ன?

எறும்புக்கு என்ன பதில் வந்தது? வராவிட்டால் மனதைத் தளரவிடாதே. ஆரம்பத்திலேயே சொன்னேன், பெரிய ஆசை வேண்டாம் என்று. மாலை வகுப்பு விசாரித்தாயா?

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டிதருக்கு எங்கள் மூவரின் வாழ்த்தும். செய்தியைப் படித்ததும் எறும்பு கை தட்டினாள். பொய்யில்லை, உண்மையாகத் தட்டினாள்.

அவளுக்கும் பதில் வந்தது. காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள். இடம் கிடைத்த பிள்ளை வேண்டாம் என்றால் இவளுக்கு வரும். எனக்கு அது நல்லதா கெட்டதா என்றே புரியவில்லை. பள்ளிக்குப் போன் செய்து கேட்டேன். அலுவலகத்து அம்மா நல்ல மாதிரி. 'அவங்க இன்னும் வர்றோம்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. மே மாசக் கடைசி வரைக்கும் அவங்களுக்கு நேரம் இருக்கு' என்றார்.

எறும்பு தினமும் தபால்காரர் வருகிற நேரம் கடை வாசலுக்கு வந்து நிற்கிறாள். வாசிப்பது குறைந்துவிட்டது. 'எப்படியும் திருப்பிக் குடுக்கணும்ல' என்கிறாள். கோட்டுகளை வரிசையாகத் தள்ளிச் செல்லோவை மறைத்து வைத்திருக்கிறாள், கண்ணில் படாமலிருக்க.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்டாயே, என்ன பதில் வந்தது என்று. அதற்காகத்தான்.

முதுகை டாக்டரிடம் காட்டு.

தங்கை


ஏப்ரல் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு வாரமாக மழை. துணி காயவில்லை. உன் கடைக்கு நல்ல வியாபாரமாக இருக்கும்.

டாக்டரிடம் காட்டினேன். என்னையே படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லையாம்.

எந்தப் பள்ளி என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. பிள்ளையின் வாழ்க்கை, அவசரப்பட முடியாது. எல்லா விதத்திலும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அக்கா


மே 13

அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நேற்று உன் வீட்டுக்குப் போன் செய்தேன். சண்டை வந்தாலும் வரட்டும், வாயால் ஒருமுறை வாழ்த்திவிடலாம் என்று நினைத்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். பண்டிதர்தான் எடுத்தான். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

'என்னடா, மலையா ஆறா? எங்க போறதா உத்தேசம்?'

'ஆத்தங்கரைதான் சித்தி. யூனிஃபார்ம்கூட தைக்கக் குடுத்தாச்சே. அங்க ஃபுட்பால் கிரவுண்டு பெருசு.'

'எப்பப்பா முடிவு பண்ணே?'

'ரிசல்ட் வந்த அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஏன் சித்தி, எறும்புக்கு மலைல இருந்து இன்னும் லெட்டர் வரலயா?'

வரும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு சட்டையை இஸ்திரி போட எடுத்து, பெட்டியை அதன் மேலேயே வைத்துவிட்டு நின்றிருக்கிறேன். என் வீட்டுக்காரர்தான் ஓடிவந்து எடுத்தார். சட்டை போச்சு.

அக்கா, மலைப்பள்ளியை நீ சொல்லாமல் விட்டபோது மறந்திருப்பாய் என்றேன். வீட்டில் இடமில்லை என்றபோது சரி என்றேன். உங்கள் தெருவிலிருந்து வந்த ஒருத்தர் போன வாரம் கோட்டு கொடுத்துவிட்டுப் போனார். 'உங்க அக்கா வீடா? இன்னும் அதே பழைய மஞ்சள் நிறந்தான்' என்றார். அதையும் முழுங்கிவிட்டேன். உன் மகன் போகாத பள்ளியில் உன் மகன் பெயரைப் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறாயே, இதை எப்படி முழுங்குவது?

நான் கெஞ்ச மாட்டேன். மாதக் கடைசி வரை உனக்கு நேரம் இருக்கிறது என்று அந்த அலுவலகத்து அம்மா சொன்னார். வைத்துக்கொள்.

தங்கை


மே 19

சின்னவளே,

உடம்பைப் பற்றி இந்த முறை எழுதவில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று படமே எடுத்துப் பார்த்தாகிவிட்டது.

இன்று காலை வேலைக்குப் போகும் முன் மலைப்பள்ளிக்குப் போன் செய்து, என் மகன் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். எழுதியும் அனுப்பிவிட்டேன். இது உனக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் கூப்பிட்டிருப்பார்கள்.

அன்றைக்குத் தலை சுற்றவில்லை. கதவை ஒட்டி நின்றேன், அவள் எங்கே தப்பு செய்வாள் என்று கேட்கத்தான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அவள் வில்லை முதலில் இழுத்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. என் மகன் வாசித்தால் சரியாக இருக்கும். இவள் வாசித்தது அந்தக் கட்டடத்துக்குள் கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய நாதம் அந்தச் சின்ன உடம்பிலிருந்து எப்படி வருகிறது என்று நின்றேன். அப்புறம் உன் கோட்டுகள் நினைவுக்கு வந்தன. அத்தனை துணியும் சத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்க, அதையும் மீறிக் கேட்கவேண்டும் என்று மூன்று வருடம் இழுத்திருக்கிறாள். நான் என் மகனுக்கு நல்ல அறை கொடுத்தேன், நல்ல மாஸ்டர் கொடுத்தேன். ஒரு வரிசைக் கோட்டு அதைவிடப் பெரிதாக எதையோ கொடுத்துவிட்டது. வயிறு எரிந்தது. அங்கே நிற்க முடியவில்லை, போய்விட்டேன். என் மகன் உள்ளே போகும்போது நான் இல்லை.

இடம் என் மகனுக்குத்தான் கிடைத்தது. கிடைத்த பிறகும் எரிச்சல் தீரவில்லை. அவன் ஆற்றங்கரை என்று சொன்னபோது, சரி, இதை விட்டுவிடலாம் என்று தினமும் போனை எடுப்பேன். எடுத்தால் அந்த நாதம் கேட்கும். வைத்துவிடுவேன். அவள் மலைக்குப் போனால் உலகமே கேட்கும், அப்புறம் என் மகனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தோன்றும். பன்னிரண்டு வயதுக் குழந்தையோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

எறும்பிடம் எதையாவது சொல். அவளைப் பிடிக்காமல் நான் போகவில்லை என்று சொல்.

அக்கா


ஜூலை 6
கடையில்

அக்காவுக்கு,

அத்தானுக்கும் பண்டிதருக்கும் என் அன்பு. நீயும் நன்றாக இரு.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். விடுதி அறையில் நான்கு கட்டில். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. அங்கே அவளுக்கு வேறு செல்லோ கொடுத்தார்கள். வில்லை வைத்து ஒருமுறை இழுத்துவிட்டு, 'அம்மா, இது கத்துதும்மா!' என்று பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். அந்த மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். 'இது கத்தல. நீதான் இத்தனை நாளா கத்திட்டு இருந்திருக்கே. இனிமே மெதுவா பேசு' என்றார்.

என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மாதம் அவள் கடை வாசலில் நின்றதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. திரும்பி வந்ததிலிருந்து கடையின் பின்பக்கம் போகவே பிடிக்கவில்லை. இத்தனை வருடம் நான் வேலை செய்துகொண்டே கேட்டதை இப்போது யாரோ ஒரு மாஸ்டர் தினமும் உட்கார்ந்து கேட்கிறார். அவருக்கென்ன, கொடுத்து வைத்தவர். அவரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனிதர், என் மகளைச் சிரிக்க வைத்தவர், அவர் மேல் எனக்கு ஏன் இந்தப் பொறாமை? அப்போதுதான் நீ கதவருகே நின்றது கொஞ்சம் புரிந்தது. புரிந்தது என்றுதான் சொல்கிறேன், மன்னித்துவிட்டேன் என்று இல்லை.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. போகிற அன்றும் கேட்டாள், 'பெரியம்மாவுக்கு ஏன் பிடிக்கல?' என்று. அதற்கு என்னிடம் பதில் கேட்காதே. விடுதி முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே எழுது. பூசி மெழுகாமல் எழுது, குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

தங்கை


ஜூலை 15

அன்புள்ள கட்டெறும்புக்கு,

மலையில் குளிருமே, கம்பளி போட்டுக்கொள்கிறாயா? விரல் நுனி தடித்துவிட்டதா? தடித்தால் நல்லதுதான், பயப்படாதே.

நீ வாசித்த அன்று பெரியம்மா பாதியில் போய்விட்டேன். பிடிக்காமல் போகவில்லை. நீ வாசித்தது மிக நன்றாக இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த மாதிரி என் பிள்ளை வாசிக்க வேண்டும் என்று நான் இத்தனை வருடம் ஆசைப்பட்டேன், அது உன் கையில் இருந்தது. அதுதான் பொறாமை. பெரியவர்களுக்கும் வரும், எனக்கு நிறைய வந்தது. அதனால்தான் உனக்கு வரவேண்டிய கடிதமும் தாமதமானது. அதற்குக் காரணம் நான்தான், உன் வாசிப்பு இல்லை. இரண்டாம் வரியில் நீ தடுமாறியதும் காரணம் இல்லை.

இதை எழுதுவதற்கு முன் உன் பண்டிதர் அண்ணனிடமும் சொன்னேன். 'எறும்பு வாசிச்சப்ப நான் ஏன் கீழ போனேன் தெரியுமாடா?' என்றேன்.

'தெரியும்மா. நானும் அங்கதான நின்னேன்' என்றான். 'அவ வாசிச்சதுக்கப்புறம் எனக்கு உள்ள போகக் காலே வரல. நீங்களும் இல்ல.'

ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மலையை விட்டுவிட்டு ஆற்றங்கரையை அவன் ஏன் தேர்ந்தெடுத்தான் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

உனக்கு நேரம் கிடைத்தால் எனக்கு இல்லாவிட்டாலும் அவனுக்கு எழுது.

பெரியம்மா